வவுனியா – முத்தையன்கட்டு சைக்கிள் பயணம்: மாங்குளத்தாலா, நெடுங்கேணியாலா?

குருமன்காட்டான் | ஜூன் 24, இரவு 8.40

வணக்கம். அடுத்த மாத நடுப்பகுதியில் வவுனியாவிலிருந்து முத்தையன்கட்டுக்குச் சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறோம். நான், கொழும்பிலிருந்து வரும் மச்சான், அக்காவின் மகன் (வயது 14). முத்தையன்கட்டில் பெரியம்மா வீடு. படலையைத் திறந்து நாலு எட்டு வைத்தால் குளக்கட்டு. இரண்டு இரவு நின்றுவிட்டுத் திரும்புவதாக யோசனை.

பாதைதான் முடிவாகவில்லை. ஏ9 (யாழ்ப்பாணம் போகிற பெரிய வீதி) வழியாக மாங்குளம் வரை போய், அங்கிருந்து முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டானுக்குப் போனால், வீடு வரைக்கும் 75 கிலோமீற்றர் அளவில் வருகிறது. புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணியால் போனால் ஒரு 10 கிலோமீற்றர் குறையும். மச்சான் அந்தப் பத்தைப் பிடித்துக்கொண்டு விடுகிறார் இல்லை. எனக்கு யானைப் பயம். ஓடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சைக்கிள்களைக் கேட்டால்: என்னுடையது லுமாலா, கியர் இல்லை. மச்சானுடையது 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் வாங்கிய கியர் சைக்கிள். பெற்றோல் வந்ததும் சுவரில் சாத்தியதுதான். மருமகன் பள்ளிக்கூடம் போகிற சைக்கிளில் வருகிறான்.

நெடுங்கேணிக் கமக்காரன் | ஜூன் 24, இரவு 9.15

தம்பி, யானைப் பயம் இருக்கட்டும். அது நல்ல பயம். ஆனால் மாங்குளத்தால் போனால் யானை இல்லை என்று யார் சொன்னது? ஒலுமடு, கரிப்பட்டமுறிப்புப் பக்கமும் அதுகள் றோட்டைக் கடக்கிறதுதான். ஆட்களும் வாகனமும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பக்கம் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு தேவையில்லாமல் யாரும் சைக்கிளை வெளியில் எடுப்பதில்லை. விடியவும் அப்படித்தான். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் அதுகள் காட்டுக்குள் போகும். காலை ஏழரைக்கும் பின்னேரம் நாலரைக்கும் நடுவில் புளியங்குளம் – நெடுங்கேணி – ஒட்டுசுட்டானை ஓடி முடிக்க முடியுமென்றால் வாங்கோ. முடியாதென்றால் மச்சானிடம் சொல்லுங்கோ, பத்துக் கிலோமீற்றர் மிச்சம் பிடித்து என்ன வீடா கட்டப் போகிறார்?

போன மாதம் என் வாழையில் பாதியை ஒரே இரவில் தின்றுவிட்டுப் போனது. மிச்சப் பாதியை ஏன் விட்டது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

ஜிபிஎஸ் பெடியன் | ஜூன் 24, இரவு 10.02

அண்ணை, செய்மதிப் படத்தில் பாருங்கோ. கனகராயன்குளத்துக்குக் கிழக்கே காட்டுக்குள்ளால் ஒரு மண் றோட்டுத் தெரிகிறது. அதைப் பிடித்தால் மாங்குளமும் வேண்டாம், நெடுங்கேணியும் வேண்டாம். ஒலுமடுவில் போய் ஏறலாம். எனக்கு 58 கிலோமீற்றர்தான் காட்டுகிறது.

நெடுங்கேணிக் கமக்காரன் | ஜூன் 24, இரவு 10.20

எந்த ஒலுமடு? முல்லைத்தீவு வீதியில் ஒன்று. வெடுக்குநாறி மலை இருக்கிற ஒலுமடு எங்கள் பக்கம், வவுனியா வடக்கில். கைபேசியில் பெயரை அடித்துவிட்டு அது காட்டியபடி போய், மலையடியில் நின்றுகொண்டு "மாங்குளம் எங்கே?" என்று கேட்ட ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

மாங்குளம் ரீச்சர் | ஜூன் 25, காலை 5.50

ஜிபிஎஸ் தம்பிக்கு: மேலிருந்து எடுத்த படத்தில் றோட்டுத் தெரியும், மண்டையோட்டுப் பலகை தெரியாது. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஆட்கள் நாளாந்தம் புழங்காத காட்டுப் பாதையில் இறங்கவே வேண்டாம். ஒதுங்கப் போவதென்றாலும் றோட்டோரத்தோடு நிற்க வேண்டும், பற்றைக்குள் போகக் கூடாது. 14 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், இதை அவனுக்கு வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். மரத்தில் பாலைப்பழத்தைக் கண்டால் பிள்ளைகளின் கால் நிற்காது. இப்போது பழக் காலம். றோட்டோரத்தில் விற்கிறார்கள், வாங்கிக் கொடுங்கள்.

குருமன்காட்டானுக்கு: தண்ணீர்தான் உங்கள் முதல் கணக்காக இருக்க வேண்டும். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் எல்லாவற்றிலும் கடை இருக்கிறது. மாங்குளத்தில் கிழக்கே திரும்பிய பிறகு நினைத்த இடத்தில் கடை வராது. ஆளுக்கு இரண்டு போத்தலையும் மாங்குளத்திலேயே நிரப்பிவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் எங்கள் பக்கம் சவர், சுண்ணாம்பு. சிறுநீரக நோய் வந்த ஊர்கள் இவை. வடிகட்டிய தண்ணீர் விற்கிற இடங்கள் சந்திகளில் உண்டு, அதைப் பிடியுங்கள்.

இன்னொன்று. முத்தையன்கட்டு என்று மட்டும் சொல்கிறீர்கள். பெரியம்மா வலதுகரையா, இடதுகரையா? அங்கே அது இரண்டு ஊர் மாதிரி. மாறிப் போய் நின்றால், 70 கிலோமீற்றர் உழக்கிய காலுக்கு அந்தச் சின்னச் சுற்று மலை மாதிரி இருக்கும்.

குருமன்காட்டான் | ஜூன் 25, காலை 7.10

ரீச்சர், கேட்டது நல்லதாகப் போயிற்று. நான் இத்தனை நாளும் இடதுகரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கேட்டால், "எத்தனை தரம் வந்திருக்கிறாய், வலதுகரை தெரியாதா?" என்று பெரியம்மாவிடம் பேச்சு. பஸ்ஸில் வந்து இறங்கியவனுக்குக் கரை எப்படித் தெரியும்?

பழைய பெடல் | ஜூன் 25, பகல் 1.30

இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், காற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆடி மாதம். சோளகம் அடிக்கிற காலம். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. நீங்கள் வடக்கே போய்க் கிழக்கே திரும்பப் போகிறீர்கள். முழுத் தூரமும் காற்று முதுகில். போகும்போது "நாங்கள் இவ்வளவு கெட்டிக்காரரா" என்று நினைப்பீர்கள். அந்த நினைப்புத்தான் கேடு. திரும்பி வரும்போது ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரைக்கும் மேற்கே பார்த்து ஓட வேண்டும், பிறகு தெற்கே. அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஆகவே போகிற பாதையை விட்டுவிட்டு வருகிற பாதையை முதலில் முடிவு செய்யுங்கள் தம்பி.

என் வயது 67. 1990களில் வன்னிக்குள் எரிபொருளுக்குத் தடை. எதையும் சைக்கிளில்தான் ஏற்றினோம். மல்லாவியிலிருந்து புதுக்குடியிருப்புக்கு இரண்டு மூட்டை நெல்லைக் கரியரில் குறுக்குத் தடி வைத்துக் கட்டி உருட்டியிருக்கிறேன். நோயாளியைக் கரியரில் இருத்தி, விழாமல் சாரத்தால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். பற்றரியும் வராத காலம் அது. இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்போம். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் சுற்றுகிறவனுக்குக் கை சோரும்.

அப்போதெல்லாம் சோளகக் காலத்தில் மேற்கே பாரம் ஏற்றிப் போவதென்றால் விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம். ஒன்பது, பத்துக்குப் பிறகுதான் காற்று எழும்பும்.

நெடுங்கேணிக் கமக்காரன் | ஜூன் 25, பகல் 2.05

ஐயா சொல்வது சரி. ஆனால் இப்போது விடியப்புறம் மூன்று மணிக்கு அந்த றோட்டில் வெளிக்கிட்டால் காற்று இராது, யானை இருக்கும்.

பழைய பெடல் | ஜூன் 25, பகல் 2.20

அப்போதும் இருந்தது. இவ்வளவு கோபம் இல்லை அதுகளுக்கு.

குருமன்காட்டான் | ஜூன் 25, இரவு 9.00

இப்போதுதான் தலை சுற்றுகிறது. விடிய வெளிக்கிட்டால் யானை. வெயில் ஏறிய பிறகு வெளிக்கிட்டால் காற்று. பின்னேரம் என்றால் திரும்பவும் யானை. பேசாமல் பெரியம்மாவை வவுனியாவுக்கு வரச் சொல்லலாம் போலிருக்கிறது.

ஒட்டுக்கடை | ஜூன் 25, இரவு 9.45

பாதை எனக்குத் தெரியாது. ரயர் தெரியும்.

புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னால் மூன்று சைக்கிளையும் கடையில் காட்டுங்கோ. முதல் நாள் கொண்டுவந்து "அண்ணை, அவசரம்" என்று நிற்க வேண்டாம். சுவரில் சாத்தி வைத்த சைக்கிளின் ரயர், பார்வைக்குப் புதிது போலத்தான் இருக்கும். பக்கச் சுவரை மடித்துப் பாருங்கோ, வெடித்திருக்கும். வெயிலில் 70 கிலோமீற்றர் தாங்காது. பிறேக் கட்டையையும் மாற்றச் சொல்லுங்கோ.

முள் இல்லாத றோட்டு வன்னியில் இல்லை. நெருஞ்சி என்றால் காற்று மெதுவாக இறங்கும், விடத்தல் முள் என்றால் ஒரேயடியாகப் போகும். நிறையப் பேர் விடுகிற பிழை இது: ரியூப்பை ஒட்டிப் போடுவார்கள், ரயருக்குள் குத்தி நிற்கிற முள்ளை எடுக்க மாட்டார்கள். பத்து நிமிடத்தில் திரும்பவும் அதே இடத்தில் ஓட்டை. விரலால் தடவாதையுங்கோ, கிழிக்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்து ரயரின் உட்பக்கம் ஒரு சுற்றுத் தடவுங்கோ. பஞ்சு எங்கே இழுபடுகிறதோ அங்கே முள். ஒட்டுப் பெட்டி, பம், மூன்று சைக்கிளுக்கும் ஒவ்வொரு மிச்ச ரியூப். மருமகனின் சைக்கிள் சில்லு சின்னதென்றால் அதற்கு வேறு அளவு ரியூப். பெரியதைச் சுருட்டிப் போடலாம் என்று நினைக்க வேண்டாம்.

மாங்குளம் ரீச்சர் | ஜூன் 26, காலை 6.05

குருமன்காட்டான், நான் கணக்குப் படிப்பிக்கிறவள். சிக்கலை இரண்டாகப் பிரியுங்கள்.

போவது: ஏ9, மாங்குளத்தால். விடிய ஐந்துக்கு வவுனியாவில் வெளிக்கிடுங்கள். ஓமந்தை தாண்டும்போது வெளித்துவிடும். மாங்குளம் 43 கிலோமீற்றர் அளவு. மெதுவாக ஓடினாலும் எட்டரைக்கு இங்கே நிற்பீர்கள். சாப்பிட்டு ஒன்பதுக்குக் கிழக்கே திரும்பினால் யானை நேரமும் இல்லை, காற்றும் முதுகில். ஒட்டுசுட்டான் 25 கிலோமீற்றர் அளவு. பதினொன்றுக்குள் போய்விடலாம். ஏ9இல் யாழ்ப்பாண பஸ்கள் ஒன்றையொன்று முந்தும், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். மச்சானை நடுவில் விட்டுக் கதைத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

வருவது: நெடுங்கேணியால். காட்டு மரங்கள் இரண்டு பக்கமும் நிற்பதால் காற்று முழுதாகப் பிடிக்காது, வெட்டவெளி வயலில்தான் அடிக்கும். கமக்காரன் அண்ணை சொன்னபடி ஏழரைக்கு முன்னால் காட்டுப் பகுதியில் இறங்காதீர்கள். புளியங்குளத்துக்கு வந்த பிறகு காலில் பலம் இருந்தால் ஏ9, இல்லையென்றால் றெயில். சைக்கிளைப் பொதியாகப் பதிந்து கார்ட் பெட்டியில் ஏற்றலாம். ஆனால் எல்லா றெயிலும் சின்ன நிலையங்களில் நிற்காது, முதலே விசாரியுங்கள்.

ஜிபிஎஸ் பெடியன் | ஜூன் 26, காலை 8.30

ரீச்சர் சொன்ன பாதையைப் படத்தில் கீறிப் போட்டுவிட்டேன். என்னுடைய காட்டுப் பாதையை அழித்துவிட்டேன், ஏச வேண்டாம்.

குருமன்காட்டான் | ஜூன் 26, காலை 9.10

அப்படியே செய்கிறோம். மச்சான் கேட்கச் சொல்கிறார்: வழியில் முறிகண்டியில் கச்சான் (நிலக்கடலை) வாங்கலாமா?

பழைய பெடல் | ஜூன் 26, காலை 9.25

முறிகண்டி மாங்குளத்துக்கு வடக்கே, கிளிநொச்சிப் பக்கம். நீங்கள் மாங்குளத்தில் திரும்பிவிடுவீர்கள். இவருக்கு நெடுங்கேணிப் பாதை வேண்டும், முறிகண்டிக் கச்சானும் வேண்டும். கெட்டிக்காரர்.

குருமன்காட்டான் | ஜூலை 19, இரவு 8.00

வந்து சேர்ந்துவிட்டோம். முழுசாக. உதவியவர்களுக்கு நன்றி, விவரம் இதோ.

போனது நீங்கள் எல்லோரும் சொன்னபடியே. ஐந்தே காலுக்கு வெளிக்கிட்டு, ஓமந்தையில் பிளேன்டீ, எட்டு இருபதுக்கு மாங்குளம். மச்சான் அங்கேயே காற்றை மறந்து தன் காலைப் புகழத் தொடங்கிவிட்டார். பெடல் ஐயாவின் முகம் தெரியாது, ஆனால் அவருடைய குரல் என் காதில் கேட்டது.

கரிப்பட்டமுறிப்புக்குக் கொஞ்சம் முன்னால் மருமகனின் பின் சில்லு காற்றுப் போனது. நிழல் என்று இருந்தது ஒரு வீரை மரம் மட்டும். ரியூப்பை மாற்றினோம். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் போனது. அப்போதுதான் ஒட்டுக்கடை அண்ணை எழுதியது ஞாபகம் வந்தது. பஞ்சு கொண்டு போகவில்லை. மருமகன் தன் காலுறையைக் கழற்றி ரயருக்குள் ஒரு சுற்றுத் தடவினான், ஓரிடத்தில் நூல் இழுபட்டது. அரிசி முனை அளவுதான், கறுப்பாக, வெளியே தெரியாமல் ரப்பருக்குள் படுத்துக் கிடந்தது. நகத்தால் எடுக்க முடியாமல், மச்சான் பல்லால் எடுத்தார். அவருடைய பங்களிப்பை இங்கே பதிவு செய்யச் சொன்னார். செய்துவிட்டேன்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கும்பிட்டோம். வயலில் ஒட்டை, அதாவது அறுத்து மிஞ்சிய தாளைச் சுட்ட இடத்தில் லிங்கம் தானாகத் தோன்றியதாம், அதனால்தான் ஊருக்கும் அந்தப் பெயர் என்று பூக்கடை அம்மா மருமகனுக்குச் சொன்னா. பன்னிரண்டுக்குப் பெரியம்மா வீடு. வலதுகரை.

குளத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. ஆடி மாதம் என்பதால் தண்ணீர் உள்ளே இறங்கி, கரையோரம் பட்ட மரக்கட்டைகள் நிற்கின்றன. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்தபடி. பின்னேரம் வள்ளத்தில் வந்தவர்கள் வலையை உதறினார்கள். யப்பான் மீன் (திலாப்பியா)தான் கூட, இரண்டு விரால். விராலை எங்களுக்கு என்று பெரியம்மா முதலே சொல்லி வைத்திருந்தா. மருமகன் குளிக்க இறங்கப் போனான். "ஆட்கள் குளிக்கிற துறையில் மட்டும் இறங்கு, மற்ற இடத்தில் முதலை" என்று வள்ளக்காரர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மீனைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். அவன் அதற்குப் பிறகு துறையிலும் இறங்கவில்லை, வாளியில்தான் குளித்தான்.

திரும்பும் நாள் கொஞ்சம் வேறு மாதிரி. ஏழரைக்கு வெளிக்கிட்டோம். நெடுங்கேணிக்கு முன்னால் நடு றோட்டில் யானை லத்தி. பச்சையாக, ஈரம் காயாமல். பக்கத்தில் முறித்துப் போட்ட கிளை, இலை வாடவில்லை. மூன்று பேரும் பேசாமல் நின்றோம். குருவிச் சத்தம்கூட அப்போது பெரிதாகக் கேட்டது. எதிரே வந்த வானைச் சாரதி நிறுத்தி, "வளைவில் நிற்குது, தனியன், கொஞ்சம் பொறுங்கோ" என்றார். அரை மணித்தியாலம் நின்றோம். பிறகு வந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போனோம். நாங்கள் யானையைக் காணவில்லை. அது எங்களைக் கண்டிருக்கும்.

கமக்காரன் அண்ணை வீட்டில் மோர் குடித்தோம். வாழை திரும்பக் குருத்து விட்டிருக்கிறது.

அந்த அரை மணித்தியாலம் எங்களுக்கு வினையாகப் போயிற்று. புளியங்குளத்துக்கு வரும்போது பதினொன்றரை, விசாரித்து வைத்த றெயிலும் போய்விட்டது. ஏ9இல் ஏறியதும் சோளகம் பிடித்தது. பெடலை மிதிக்கிறோம், கிலோமீற்றர் கட்டை வருகிறது இல்லை. மருமகன் வாய் திறக்கவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது. கடைசியில் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஒன்றை மறித்து, அவனையும் அவன் சைக்கிளையும் பெட்டியில் ஏற்றி ஓமந்தை வரைக்கும் அனுப்பினேன். மச்சானும் "பிள்ளை தனியாகப் போகக் கூடாது" என்று சொல்லி ஏறிவிட்டார். நான் மட்டும் கியர் இல்லாத லுமாலாவில் பின்னால்.

பழைய பெடல் | ஜூலை 19, இரவு 8.30

மச்சானின் பொறுப்புணர்ச்சியை மெச்சுகிறேன்.

ஒட்டுக்கடை | ஜூலை 19, இரவு 8.50

பல்லால் எடுத்தாரா! அடுத்த முறை குறடு ஒன்று கொண்டு போங்கோ.

நெடுங்கேணிக் கமக்காரன் | ஜூலை 19, இரவு 9.10

அந்தத் தனியன் நேற்றும் வந்தது. யானை வெடி போட்டுத்தான் திருப்பினோம். மாரி தொடங்குவதற்குள் திரும்ப வருவதென்றால் புரட்டாதிக்கு முன்னால் வாங்கோ. ஐப்பசி பிறந்தால் நான் வயலுக்குள், மோர் கிடையாது.

குருமன்காட்டான் | ஜூலை 20, காலை 7.20

பெரியம்மா இப்போதுதான் எடுத்தா. சைக்கிள் பம்மை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமாம். இந்தக் கிழமை ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மாங்குளம் ரீச்சர் | ஜூலை 20, காலை 7.45

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறேன், எடுத்து வந்து மாங்குளத்தில் வைத்திருக்கிறேன். வலதுகரை என்றுதானே சொன்னீர்கள்? ஒருக்கால் திரும்பக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.